முனியன்வாடிக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே காரணம்

ஒன்பது வருஷம் கழித்துச் சேவுகன் முனியன்வாடிக் கரையில் இறங்கியபோது ஊர் முகப்பில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. நாகசுரம் வேறு வாசித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்புவரை நனைந்து, கையில் ஒரு தகரப்பெட்டியோடு நின்றான். நமக்காகவா இவ்வளவும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டான். அது ஒரு கணத்துக்கு மேல் நீடிக்கவில்லை. அன்றைக்கு அங்கே போலீஸ் அவுட்போஸ்ட் திறப்பு விழா.

இது ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதத்தில் நடந்தது. முனியன்வாடி என்பது கட்டுமாவடிக்குத் தெற்கே, நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அறுபது வீடும் உள்ள கடற்கரை ஊர். சேவுகன் கல்யாணமான மூன்றாம் மாதம் தனுஷ்கோடியில் முறையாகக் கப்பலேறி இலங்கைக்குப் போனவன். மலைப்பக்கத்து டவுன் ஒன்றில் மளிகைக் கடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் நிறுத்துக்கொண்டிருந்தான். டிக்கெட் எடுத்துப் போனவனை அந்த ஊரில் கள்ளத்தோணி என்று கூப்பிட்டார்கள். கலவரத்தில் கடை எரிந்தது. கடையோடு அவனுடைய கடுதாசிகளும் எரிந்தன. கடுதாசி இல்லாதவனைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்றதால், யாரோ ஒருவருடைய பாய்மர வல்லத்தில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே படுத்து வந்து சேர்ந்தான். சொந்த ஊரிலும் அதே பெயர் கிடைத்தது. இந்த முறை பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது என்பதை அவனும் மறுக்கவில்லை.

விழாவுக்கு வந்திருந்த பெரிய அதிகாரி ரிப்பனை வெட்டினார். புத்தம்புதுக் குற்றப் பதிவேட்டைத் திறந்து, ஏட்டு ஆண்டியப்பன் கையில் பேனாவைக் கொடுத்து, "முதல் கேஸை நம் முன்னாலேயே எழுதுங்கள்" என்றார். ஏட்டையா பேனாவைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்தார். ஊர் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. விருந்தாளி கேட்டு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத ஊர் அது. கொடுக்க ஒரு கேஸ் இல்லையே என்று எல்லாருக்கும் வெட்கமாகிவிட்டது.

கடைசியில் ராசு முன்னால் வந்தான். "எங்க வீட்டு மொய்யா இத எழுதிக்கங்கய்யா. முந்தாநாள்லேருந்து என் துடுப்பக் காணோம்."

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் மேல் கோபம் வந்தால் அவன் துடுப்பை எடுத்து மணலில் புதைத்துவிடுவார்கள். துடுப்பில்லாதவன் இரண்டு நாள் கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்து, தான் செய்த தப்பை யோசிப்பான். யோசித்து முடித்ததும் வெற்றிலைபாக்கோடு போய் நிற்பான். புதைத்தவனே தோண்டிக் கொடுத்துவிடுவான். இதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. ராசுவின் துடுப்பைப் புதைத்தவன் அவனுடைய மைத்துனன் சோலையப்பன் என்பது நாகசுரக்காரருக்குக்கூடத் தெரியும். பதிவேட்டில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை. 'திருட்டு, துடுப்பு, ஒன்று' என்று எழுதினார் ஏட்டையா. கைதட்டினார்கள்.

ராசு கொடுத்துவிட்டான், நாம் கொடுக்காவிட்டால் நன்றாயிருக்காது என்று மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரைப் போல ஏட்டையா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பிரகதாம்பாள் காணாமல் போன கோழி ஒன்று எழுதினாள். அது மறுநாளே பத்துக் குஞ்சுகளோடு திரும்பி வந்தது. கொடுத்த மொய்யைத் திரும்பக் கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டாள். மாதம் முடிவதற்குள் இருபத்துமூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் கடமையைச் செய்துவிட்டார்கள்.

இருபத்துமூன்று மேலே போனது. மேலே இருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? 'ஆனி மாதம் வரை உங்கள் ஊரில் குற்றம் பூஜ்யம். ஆனியில் இருபத்துமூன்று. அந்தத் தேதியில் ஊருக்குப் புதிதாக வந்தது என்ன?' என்று கேட்டு எழுதினார்கள். ஏட்டு ஆண்டியப்பன் யோக்கியமான மனிதர். உள்ளதை எழுதினார்: 'அன்று காலை ஊருக்கு இரண்டு வந்தன. ஒன்று அவுட்போஸ்ட். மற்றொன்று சேவுகன்.'

அவுட்போஸ்ட் நம்முடையது, ஆகவே அது காரணமாக இருக்க முடியாது என்று மேலே முடிவு செய்தார்கள். மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

'கடல்வழி வருகையாளர் - குற்றப் பெருக்கம் - உறவு ஆய்வுக் கமிட்டி' என்ற நீளமான பெயரோடு மூன்று பேர் கொண்ட கமிட்டி அமைந்தது. உறவு உண்டென்று நிரூபணமானால் சேவுகனை அடுத்த கப்பலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியது என்று நோட்டீஸ் வந்தது. அதை வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டாள் அவன் மனைவி முத்துமாரியம்மாள். கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்து திருமயம் பக்கத்துச் சந்தைகள் வரைக்கும் பஸ்ஸில் போய் வருகிறவள். யாருக்கும் பயந்து பேசிப் பழக்கமில்லை.

"மூணு மாசம் குடும்பம் நடத்துனோம். ஒம்போது வருசம் கடுதாசியிலயே குடும்பம் நடத்துனேன்" என்றாள். "ஆளு வந்து ரெண்டு மாசம் ஆகல, மறுபடியும் கடுதாசியா?"

சேவுகன் நோட்டீஸை வாங்கி மடித்தான். ஒரு முறை துரத்தப்பட்டவனுக்குக் கோபம் வராது, பயம்தான் வரும். "என்னதான் சொல்றாங்கன்னு போய்க் கேட்டுட்டு வாரேன்" என்றான்.

"நானும் வாரேன். ஒங்களுக்குக் கேக்க மட்டுந்தான் தெரியும்."

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுக் கமிட்டி கூடியது. தலைவர் உடையப்பன், திருமயத்துக்கு அருகே பெரிய வீட்டுக்காரர், வக்கீல் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாமவர் ஆத்மநாதன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மூன்றாமவர் நாகராசு, மேடைப் பேச்சாளர். அவர் எதிலிருந்தும் ஓய்வு பெற்றதில்லை. மூவரும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். முதல் வகுப்புப் பெஞ்சு சிறியதாக இருந்ததால் மூவருக்கும் முழங்கால் நெஞ்சைத் தொட்டது. அந்த நிலையில் அவர்கள் தேசத்தைக் காக்க ஆரம்பித்தார்கள்.

"உணர்ச்சிக்கு இங்கே இடமில்லை. தர்க்கம் மட்டுமே பேசும்" என்று தொடங்கினார் தலைவர். "ஆத்மநாதன், கணக்கு."

ஆத்மநாதன் கரும்பலகையில் எழுதினார். "வந்தவர் ஒருவர். நடந்த குற்றம் இருபத்துமூன்று. ஆகவே ஒரு வருகையாளருக்கு இருபத்துமூன்று குற்றம். நாளை ஆயிரம் பேர் வந்தால்?" சாக்குக்கட்டியால் பலகையைத் தட்டினார். "இருபத்துமூவாயிரம். இந்த ஊர் ஜனத்தொகை நானூற்றுப் பன்னிரண்டு. குழந்தை குட்டி உட்பட ஒவ்வொருவரும் ஐம்பத்தைந்து முறை திருடப்படுவீர்கள்."

கூட்டம் அசந்துபோனது. பிரகதாம்பாள் தன்னிடம் ஐம்பத்தைந்து முறை திருட என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்து, கொஞ்சம் பெருமையாக உணர்ந்தாள்.

சேவுகன் எழுந்து கும்பிட்டான். "ஐயா, அந்த நோட்டே அன்னைக்குத்தானுங்களே தெறந்தாங்க. அதுக்கு முந்தி எழுதுறதுக்கு நோட்டு ஏது?"

"குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் தலைவர். "இவர் வரும்வரை இந்த ஊருக்கு ஒரு பதிவேடே தேவைப்படவில்லை என்பதை இவரே ஒப்புக்கொள்கிறார்."

முதல் சாட்சியாக ராசுவைக் கூப்பிட்டார்கள். ராசு சேவுகனோடு சிறுவயதில் நண்டு பிடித்தவன். எப்படியாவது அவனைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று உண்மையைச் சொன்னான்.

"அந்தத் துடுப்ப எடுத்தது என் மச்சினன் சோலையப்பனுங்க. என் கல்யாணத்துல அவனுக்குக் கொடுவா மீன் தலைய வைக்கலன்னு வருசா வருசம் கோவத்துல எடுப்பான். நானும் வெத்தல வச்சுத் திருப்பி வாங்கிக்கிருவேன். பதினோரு வருசமா நடக்குதுங்க."

"பதினோரு வருஷமாக எடுத்தபோது அது என்ன?"

"கோவமுங்க."

"இந்த வருஷம் எடுத்தது?"

ராசு ஏட்டையாவைப் பார்த்தான். "திருட்டுன்னு எழுதியிருக்குங்க."

"பார்த்தீர்களா?" என்றார் தலைவர். "பதினோரு ஆண்டுகளாகக் கோபமாக இருந்த ஒன்று, இவர் காலடி பட்டதும் திருட்டாக மாறிவிட்டது. நல்லவர்களையே கெடுத்திருக்கிறார்."

"சோலையப்பன் அத எடுத்து ரெண்டு நாள் கழிச்சுத்தானுங்க இவன் வந்து எறங்குனான்."

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியானால் இவருடைய செல்வாக்கு முன்கூட்டியே பரவியிருக்கிறது. மிகவும் ஆபத்தானது."

ராசு வந்து சேவுகன் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்ள, நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?" என்று கேட்டான். சேவுகன் இல்லையென்று தலையாட்டினான்.

அடுத்து நாகராசு பேச எழுந்தார். பெஞ்சில் இருந்து விடுபட்ட சந்தோஷத்தில் குரல் நன்றாக எழும்பியது. "அன்பர்களே. கடல் தாண்டி வருகிறவர்கள் முதலில் ஒருவராக வருவார்கள். பாவம் என்று நாம் தண்ணீர் கொடுப்போம். பிறகு அவர் அண்ணனை அழைப்பார். அண்ணன் மைத்துனனை அழைப்பார்..."

சேவுகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதைக் கேட்டிருக்கிறான். மலைப்பக்கத்து டவுனில், சந்தைக்கு எதிரே மேஜை போட்டு, அந்த ஊர்ப் பிரமுகர் ஒருவர் அவர்கள் பாஷையில் இதையேதான் பேசினார். கடைவாசலில் வெங்காயம் நிறுத்துக்கொண்டே நாலு வருஷம் கேட்டதில் மனப்பாடமாகிவிட்டது. அங்கேயும் அண்ணன்தான் முதலில் வருவான், பிறகுதான் மைத்துனன்.

"மைத்துனன் வந்த பிறகு..." என்று நாகராசு இழுத்தார். அடுத்தது மறந்துவிட்டது. ஒரு தடவை இருமினார். அந்த ஊர்ப் பிரமுகரும் இதே இடத்தில்தான் இருமுவார்.

"கடை வைப்பாங்க" என்று சேவுகன் எடுத்துக் கொடுத்தான். அவன் சுபாவம் அப்படி. எதிரில் ஒருவர் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

"கடை வைப்பார்கள். பிறகு..."

"நம்ம புள்ளைகளுக்கு வேல இருக்காது."

"வேலை இருக்காது. பிறகு ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால்..."

"ஊரே நம்ம ஊரா இருக்காது."

கூட்டம் ஓவென்று கைதட்டியது. கைதட்டி முடித்த பிறகுதான் யார் சொன்னது என்று பார்த்தார்கள். தலைவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சதித்திட்டம் முழுவதும் இவருக்கு மனப்பாடமாக இருக்கிறது."

"இல்லிங்க. அங்கிட்டு எங்களப் பத்தி இப்படித்தான் பேசுவாங்க. அதக் கேட்டுக் கேட்டு..."

"அங்கேயும் இதையே சொன்னார்களா?"

"ஆமாங்க. அச்சா இதேதானுங்க."

தலைவர் முகம் மலர்ந்தது. "எழுதுங்கள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு நாடுகள் இவர் விஷயத்தில் ஒத்துப்போகின்றன. இதைவிட நடுநிலையான சாட்சி வேறு எங்கே கிடைக்கும்?"

முத்துமாரியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள். "ஐயா, நான் ஒங்க ஊர்ச் சந்தைக்குத்தான் கருவாடு கொண்டாரேன். சனங்க பேசிக்கிருவாங்க. யுத்தத்தப்ப ஒங்க அப்பச்சி பர்மாவுலேருந்து கடுதாசி எதுவும் இல்லாமத்தான் வந்தாகளாமே. அது என்ன கணக்குங்க?"

ஏட்டையா தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தை ஆராய்ந்தார்.

"நல்ல கேள்வி" என்றார் தலைவர் நிதானமாக. "என் தகப்பனார் நடந்து வந்தார். இந்தக் கமிட்டியின் அதிகார எல்லை கடல்வழி மட்டுமே. மேலும் எங்கள் வீட்டில் யாரும் குடியேறியதில்லை. நாங்கள் தொழில் நிமித்தமாக மூன்று தலைமுறை அங்கே தங்கியிருந்தோம். நாங்கள் இருந்த ஊரில் திருட்டு நடக்கவில்லையா என்றால், நடந்தது. அது அந்த ஊர்க்காரர்களின் குணம். இங்கே நடக்கும் திருட்டு வந்தவரின் குணம். இதில் ஒரு குழப்பமும் இல்லை."

"கொழப்பம் எனக்குத்தானுங்க போல" என்று சொல்லி முத்துமாரியம்மாள் உட்கார்ந்தாள்.

எதையும் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ஆத்மநாதன் சொன்னதால், சேவுகனை ஒரு வாரம் அவுட்போஸ்ட்டில் அடைத்து வைத்துப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. அவுட்போஸ்ட்டில் லாக்கப் கிடையாது. கீற்றுக் கொட்டகைதான். கதவும் இல்லை. ஆகவே ஏட்டையா இரவும் பகலும் கூடவே இருந்து காக்க வேண்டியதாயிற்று. இருவரும் தரையில் கரிக்கோடு போட்டு ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள். முத்துமாரியம்மாள் இரண்டு பேருக்கும் சோறு கொண்டு வந்து கொடுத்தாள். ஏட்டையா ஆட்டத்திலேயே கண்ணாக இருந்தார். யாராவது புகார் சொல்ல வந்தால், "ஏய், புலி மாட்டப்போற நேரத்துல வந்து நிக்கிற. அங்கிட்டுப் போ" என்று விரட்டிவிடுவார். பதிவேட்டை அந்த வாரம் திறக்கவே இல்லை.

அந்த ஒரு வாரத்தில் சோலையப்பன் துடுப்பை ராசு புதைத்தான். ராசுவின் நங்கூரக் கயிற்றைச் சோலையப்பன் அறுத்தான். பிரகதாம்பாள் தன் கோழி தின்ற நெல்லுக்காகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் உலக்கையால் அடி வாங்கினாள். பதிவான குற்றம் பூஜ்யம்.

ஏட்டையா தான் செய்ததை உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. கமிட்டி மறுபடியும் வந்து பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தது. "வெளியே விட்டால் இருபத்துமூன்று. உள்ளே வைத்தால் பூஜ்யம்" என்றார் ஆத்மநாதன். அவர் கண்ணில் நீர் தளும்பியது. ஆயுள் முழுக்கக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதருக்கு இவ்வளவு சுத்தமான விடை ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.

"ஐயா, நான் எழுதலைங்க, அதான்..." என்றார் ஏட்டையா.

"எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. அதனால் நீர் எழுதவில்லை. சரிதானே?"

ஏட்டையா பாவம், புகார் சொல்ல வந்தவர்களை விரட்டிவிட்டு ஆடுபுலி ஆடினேன் என்று சொன்னால் வேலை போய்விடும். தலையைக் குனிந்துகொண்டார்.

உறவு நிரூபணமாகிவிட்டது. சேவுகனை அடுத்த கப்பலில் ஏற்றுவது என்று எழுத ஆரம்பித்தார்கள். சேவுகனுக்கு எரிந்த கடை ஞாபகம் வந்தது. அங்கே போனால் கரையிலேயே பிடித்துக்கொண்டு, நீ இந்தியாவிலிருந்து கள்ளத்தனமாக வந்தவன் என்பார்கள். அதுவும் பொய்யில்லை. திருப்பி அனுப்புவார்கள். கடலுக்கு நடுவிலேயே குடியிருக்க ஒரு வழி கண்டுபிடித்தால்தான் இரண்டு கமிட்டியும் திருப்திப்படும். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை.

"ஐயா, ஒரு சந்தேகமுங்க" என்றாள் அவள். "இவுகள அனுப்பிச்சிட்டீங்க. அடுத்த மாசம் மறுபடியும் ஒரு துடுப்பு காணாமப் போச்சுன்னு வைங்க. அப்ப யாரு பேர எழுதுவீங்க?"

"போகாது. காரணம் போய்விட்டால் காரியம் போய்விடும்."

"போகலன்னா அவுட்போஸ்ட்டு எதுக்குங்க? நீங்க வந்து விசாரிக்கத்தான் என்ன இருக்கும்? ஜீப்ப வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்களே."

தலைவரின் பேனா நின்றது. நாகராசு ஜன்னல் வழியே ஜீப்பைப் பார்த்தார்.

"அப்புறம் துடுப்பு போச்சுன்னு வைங்க" என்று அவள் விடாமல் சொன்னாள், "ஒங்க ரிப்போட்டு தப்புன்னு ஆயிராதுங்களா? போகலன்னா ஜீப்பு இல்ல. போச்சுன்னா ரிப்போட்டு இல்ல. எனக்கென்ன தெரியும், படிக்காதவ. நீங்களே ரோசிச்சுப் பாருங்க. கொடுவா கொழம்பு வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டு ரோசிங்க."

கமிட்டி சாப்பிட்டது. கொடுவாத் தலையைத் தலைவருக்கே வைத்தாள். இரண்டாவது முறை சோறு வாங்கியபோது தலைவர் ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார். மூன்று மணிக்குக் கூடி, ஐந்து மணிக்கு ஆணையை வாசித்தார்:

"ஆகவே, மேற்படி சேவுகன் முனியன்வாடியில் நிகழும் குற்றங்களுக்கு ஒரே காரணம் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படுகிறது. காரணத்தை அப்புறப்படுத்தினால் குற்றத்தை ஆராய வழியற்றுப் போகும் என்பதாலும், ஆராய்ச்சி நின்றுபோவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்பதாலும், மேற்படியார் இவ்வூரிலேயே நிரந்தரமாக வசிக்க வேண்டும் எனவும், கமிட்டியின் அனுமதியின்றி ஊரைவிட்டு வெளியேறக் கூடாது எனவும் உத்தரவிடப்படுகிறது. பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்க்கப்படும்."

அந்த உத்தரவைக் கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள் முத்துமாரியம்மாள். இந்த நாட்டில் அவ்வளவு உறுதியாக, முத்திரை வைத்து, நீ இங்கேதான் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்ட கடுதாசி வேறு எவனிடமும் இல்லை. தலைவரிடம்கூட இல்லை.

சேவுகனுக்கு முதல் கொஞ்ச நாள் வலித்தது. கூடவே நண்டு பிடித்த ஊர், தன்னைத் திருட்டுக்கெல்லாம் காரணம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறதே என்று சாப்பிடும்போது நினைத்துக்கொள்வான். பிறகு பழகிவிட்டது. ஊருக்கும் பழகிவிட்டது. காலையில் ராசு வெற்றிலையோடு வந்து நிற்பான். "மாப்ள, நேத்து சோலையப்பன் துடுப்ப நாந்தான் பொதச்சேன். ஒன் பேருல எழுதிக்கிறட்டுமா?"

"எழுதிக்க. எங்க பொதச்ச?"

"தாழம்புதருக்கு அங்கிட்டு."

"வடக்கவா? அங்க அலை அரிக்கும். இங்கிட்டுத் தெக்க மாத்தி வையி."

ஏட்டையாவின் வேலையும் சுலபமாகிவிட்டது. மாதத் தொடக்கத்திலேயே காரணம் என்ற கட்டத்தை மேலிருந்து கீழ்வரை சேவுகன், சேவுகன் என்று நிரப்பி வைத்துக்கொள்வார். குற்றத்தை நடக்க நடக்க எழுதிக்கொள்ளலாம். ஆடுபுலி ஆடவும் நேரம் கிடைத்தது. கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வந்து, குழம்பு சாப்பிட்டு, காரணம் நலமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகும்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. அறுபத்தொன்றாம் வருஷம் ஆடியில், விடிந்து கொஞ்ச நேரத்தில், ஒரு வல்லத்திலிருந்து சொர்ணவல்லி என்ற பெண் இறங்கினாள். தேயிலைத் தோட்டத்துப் பெண். புருஷன் செத்துவிட்டான். அவளுடைய தாயார் பிறந்தது முனியன்வாடியில் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். கையில் கடுதாசி எதுவும் இல்லை. பெரிய தையல் மெஷின் ஒன்று மட்டும் இருந்தது. கரையில் கூட்டம் சேர்ந்தது. "இன்னொரு கள்ளத்தோணி" என்று முதலில் சொன்னது ராசுதான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை; மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. மூவருக்கும் வயது குறைந்த மாதிரி இருந்தது. ஆத்மநாதன் பள்ளிக்கூடக் கரும்பலகையில் முன்கூட்டியே பெருக்கல் போட்டு வைத்திருந்தார். நாகராசு பேச்சை எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்; இந்தத் தடவை மறக்காது. சொர்ணவல்லி நடுவில் நின்றாள். மெஷினை விட்டுக் கையை எடுக்கவில்லை.

தலைவர் சேவுகனைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார். "சேவுகன், நீர் அனுபவஸ்தர். இந்த அம்மாளும் குற்றத்துக்குக் காரணம் என்று நீர் சாட்சி சொன்னால் போதும். உம்முடைய பங்கு பாதியாகக் குறையும். நாலு வருஷத்தில் உம்மை விடுவித்துவிடலாம். மற்றவர்களைப் போல நீரும் சாதாரணமாக இருக்கலாம்."

சாதாரணமாக இருக்கலாம். அந்த வார்த்தை சேவுகன் மனசை என்னவோ செய்தது. பன்னிரண்டு வருஷமாக அவன் எங்கேயும் சாதாரணமாக இருந்ததில்லை. அவன் சொர்ணவல்லியைப் பார்த்தான். அவள் சேலைக் கரையில் உப்பு காய்ந்திருந்தது. தோரணம் கட்டிய அன்றைக்கு அவனும் இப்படித்தான், காலை மணலில் அழுத்தி ஊன்றிக்கொண்டு நின்றான். கூட்டத்துக்கு அப்பால் கூடையோடு முத்துமாரியம்மாள் நின்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தான்.

"முடியாதுங்க" என்றான் சேவுகன்.

"ஏன்?"

"அந்த எடம் காலி இல்லிங்க. ஒரே காரணம்னு எனக்குத்தானே உத்தரவு போட்டிருக்கீங்க. வீட்டுல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு. வேணும்னா கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

கமிட்டி கோப்பைப் பிரித்தது. ஒரே காரணம் என்றுதான் இருந்தது. இரண்டாவது காரணம் வேண்டுமானால் முதல் ஆணையே தப்பு என்றாகும். மூன்று வருஷத்து அறிக்கைகளும் தப்பு என்றாகும். கமிட்டி தப்பு செய்யாது என்பது கமிட்டியே நிரூபித்த விஷயம். ஆத்மநாதன் கரும்பலகையை அழிக்க ஆரம்பித்தார்.

"சரி" என்றார் தலைவர். "இந்த அம்மாள் எதற்கும் காரணம் இல்லை. போகலாம்."

நாகராசு எழுதிய பேச்சை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குக் குழம்பும் கிடைக்கவில்லை.

சேவுகன் குனிந்து தையல் மெஷினைத் தூக்கித் தோளில் வைத்தான். நல்ல கனம். சொர்ணவல்லி பின்னாலேயே வந்தாள். "அண்ணே, ஒங்களுக்கு இங்க என்ன வேலைங்க?" என்று கேட்டாள்.

"இந்த ஊர்ல நடக்குற தப்புக்கெல்லாம் நாந்தாம்மா" என்றான். "வா, ஒங்க ஆத்தா பொறந்த வீட்டக் காட்டுறேன்."

அவர்கள் அவுட்போஸ்ட்டைத் தாண்டிப் போனார்கள். ஏட்டு ஆண்டியப்பன் ஆடுபுலிக் கட்டத்திலிருந்து தலையை உயர்த்திப் பார்த்தார். காரணத்தின் கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. பக்கத்தில் இருந்த குற்றக் கட்டத்தில் மட்டும் எழுதினார்: 'தையல் மெஷின், ஒன்று.'